நிறம் ஒரு பக்கம், நிழல் ஒரு பக்கம்

திருநெல்வேலி டவுன் வாகையடி முக்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் ஸ்டுடியோ. கறுப்பு வெள்ளைக் காலத்தில், சாயங்காலம் ஆள் குறைந்ததும் அப்பா ஒரு வேலையில் உட்காருவார். கழுவிக் காயவைத்த நெகட்டிவைச் சாய்வுப் பலகையின் கண்ணாடிமேல் வைப்பார். அடியில் பல்ப் எரியும். பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு, ஊசிமுனையாகச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போவார். முகத்தில் குழி இருந்தால் அதற்குள் நிழல் விழும். பிரிண்டில் கறுப்பாக வரவேண்டிய அந்த இடம் நெகட்டிவில் வெறிச்சென்று இருக்கும். அங்கே பென்சில் கரி ஏறினால் பிரிண்டில் குழி மறைந்துவிடும். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்துவிடுகிற படம் என்றால் ஒரு முகத்துக்கே அரைமணி நேரம் ஆகும். மச்சத்தை மட்டும் தொடமாட்டார். அது அங்க அடையாளம்.

"என்னப்பா செய்யுதிய?"

"குழிய ரொப்புதேன்ல. வெளக்க மறைக்காத."

கறையை அழிக்கிறேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ரொப்புதேன் என்பார். அந்த ஒரு சொல்லில் எவ்வளவு விஷயம் இருந்தது என்று எனக்குத் தெரிய 42 வயதாகிவிட்டது. அதுவும் என் முகத்தை வைத்தே தெரிந்தது.

பதினொன்றாம் வகுப்பில் எனக்குப் பரு வந்தது. நெற்றியில் அரும்பிவிட்டுப் போகிற ரகம் இல்லை. கன்னத்துக்குள் கோலிக்குண்டு மாதிரி உருண்டு நிற்கும், தொட்டால் வலிக்கும், பழுக்கப் பத்து நாள் எடுக்கும். ஆச்சி ஜாதிக்காயைச் சந்தனக் கல்லில் உரசிப் பூசினாள். அம்மா கஸ்தூரி மஞ்சள். கூட்டாளி ஒருத்தன் பேஸ்ட் தடவச் சொன்னான், அதையும் தடவினேன், மறுநாள் வெந்து போயிருந்தது. "வயசுக் கோளாறு, கல்யாணம் ஆனா சரியாப் போயிரும்" என்பது ஊர்த் தீர்ப்பு. கல்யாணத்தின்போது பரு போயிருந்தது உண்மைதான். குழி இருந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த பெயர் பணியாரச் சட்டி. இன்றைக்கும் பாளை பஸ் ஸ்டாண்டில் பழைய கூட்டாளிகள் பார்த்தால் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும்போதுகூட.

நானே தேடிக்கொண்டதும் உண்டு. ஸ்டுடியோவில் மேக்கப் அறைக் கண்ணாடிக்கு நல்ல வெளிச்சம். அங்கே நின்று இரண்டு ஆள்காட்டி விரல்களால் ஒவ்வொன்றாகப் பிதுக்குவேன். வெளியே வந்தது கொஞ்சம், உள்ளே போனதுதான் அதிகம் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். மயிர்க்காலோடு சேர்ந்த எண்ணெய்ச் சுரப்பியின் வாய் அடைத்துக்கொள்கிறது. உள்ளே எண்ணெயும் செத்த செல்லும் தேங்குகின்றன. அங்கேயே குடியிருக்கிற ஒரு கிருமி பெருகுகிறது. (க்யூட்டிபாக்டீரியம் ஏக்னஸ். 2016 வரை முதல் பாதிப் பெயர் ப்ரோப்பியோனிபாக்டீரியம். பெயரை மாற்றினார்கள், சேட்டை மாறவில்லை.) உடம்பு அதை எதிர்த்துச் சண்டைக்கு வருகிறது. நாம் பிதுக்கும்போது மயிர்க்கால் பையின் சுவர் உள்பக்கம் கிழிந்து, அழுக்கு முழுக்கத் தோலின் ஆழத்தில் கொட்டுகிறது. சண்டை பெரிதாகிறது. அந்தச் சண்டையில் சுரக்கிற நொதிகள் தோலைத் தாங்கி நிற்கிற கொலாஜன் நாரையே கரைத்துவிடுகின்றன. புண் ஆறும்போது உடம்பு புது நார் நெய்கிறது, ஆனால் போனதற்கு ஈடாக நெய்வதில்லை. குறைந்த அளவுக்குத் தோல் இறங்கிவிடுகிறது. குழி என்பது அந்தப் பற்றாக்குறை. சிலருக்கு மார்பிலும் தோளிலும் தாடையோரத்திலும் நேர் எதிராக நடக்கும். தேவைக்கு மேல் நெய்து தடித்த மேடாக நிற்கும், கெலாய்டு என்பார்கள். அதை அறுத்து எடுக்கப் போனால் முன்னைவிடப் பெரிதாக வர வாய்ப்பு உண்டு. அதனால் உள்ளே ஸ்டீராய்டு ஊசி போட்டு அமுக்கப் பார்ப்பார்கள். எனக்கு அந்த வம்பு இல்லை.

இருபத்தேழு வயதில், பெண் பார்க்கத் தொடங்கிய சமயம், ஒரு மருந்துக் கடையில் போய் "மொகத்துல குழி இருக்கு, ஏதாச்சும் குடுங்க" என்றேன். ஒரு சின்ன ட்யூபை எடுத்துக் கொடுத்தார்கள். பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆனது. அம்மா கண்ணேறு கழித்தாள். குழி அப்படியே இருந்தது, ஆனால் முகமே வெளுத்துவிட்டதால் நான் அதைக் கவனிக்கவில்லை. நான்கு மாதம் போட்டேன். நிறுத்திய மறுவாரம் கன்னம் செக்கச் சிவந்து, கடுகு வாரி இறைத்த மாதிரி பரு கிளம்பியது. வெயிலில் இறங்கினால் எரிச்சல். மறுபடி போட்டால் அடங்கும், விட்டால் கிளம்பும். அந்த ட்யூபில் இருந்தவை மூன்று: தோலை வெளுக்கிற ஹைட்ரோகுவினோன், தோலை உரிக்கிற ட்ரெட்டினாயின், மொமட்டசோன் என்கிற ஸ்டீராய்டு. மூன்றும் மருந்துதான், டாக்டர் பார்த்துச் சில வாரத்துக்கு எழுதித் தரவேண்டியவை. கேட்டு வாங்கி மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துபோகும், ரத்த நாளம் வெளியே தெரியும், பெண்களுக்கு முகத்தில் முடிகூட வளரும். 2018இல் ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தார்கள். பெயரைச் சொன்னால் எடுத்துக் கொடுக்கிற கடை இன்னமும் இருக்கிறது.

அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் முகத்தை விட்டுவிட்டேன். மற்றவர்கள் முகத்தைப் பார்க்கிற தொழில், அதைப் பார்த்தால் போதாதா. அப்பாவின் பென்சில் போய் ஃபோட்டோஷாப் வந்தது. கல்யாண ஆல்பம் வேலையில் நாங்கள் அதிகம் செய்கிற காரியம் ஃப்ரீக்வென்சி செபரேஷன்: ஒரே முகத்தை இரண்டு லேயராகப் பிரிப்போம். ஒன்றில் தோலின் நிறம் மட்டும், மற்றதில் மேடுபள்ளம் மட்டும். கரும்புள்ளியா, நிற லேயரில் வேலை. குழியா, அடுத்த லேயரில். நிற லேயரில் எவ்வளவு தேய்த்தாலும் குழி போகாது. தினம் நாற்பது முகத்துக்கு இதைச் செய்கிறவனுக்கு, தன் கன்னத்துக்கும் இதே கணக்குத்தான் என்று தோன்றவில்லை பாருங்கள்.

தோன்ற வைத்தவள் என் அக்கா மகள். ப்ளஸ் ஒன் படிக்கிறாள். அவளுக்கும் கன்னத்தில் அதே கோலிக்குண்டு ரகம். ஒருநாள் கடைக்கு வந்தவள் மானிட்டரைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, எனக்கும் ஒங்கள மாதிரி ஆயிருமா?"

"ஏட்டி, என்ன பேச்சு இது" என்று அதட்டினேனே தவிர, அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. அக்காவிடம் சொன்னால், "ஆச்சி ஜாதிக்காய் ஒரசிப் போட்டாளே, ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு" என்றாள். என்ன குறைந்தது என்று அவளுக்கு எதிரே உட்கார்ந்துதானே இருக்கிறேன்! அந்த சனிக்கிழமையே பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டையில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன்.

டாக்டரம்மா முதலில் டியூப் லைட்டை அணைத்தார். ஒரு சின்ன டார்ச்சை எடுத்து மருமகளின் காதோரத்தில் பிடித்து, வெளிச்சத்தைக் கன்னத்தின்மேல் படுக்கைவாட்டத்தில் ஓடவிட்டார். பரு எல்லாம் எழும்பித் தெரிந்தது. ஆறிப்போன இடங்களில் இருந்த பழுப்புப் புள்ளிகள் எழும்பவும் இல்லை, இறங்கவும் இல்லை. "இதெல்லாம் கறைதான், தழும்பு இல்ல. போயிரும்" என்றார். எனக்கு ஒரு நிமிஷம் கடையில் நிற்கிற மாதிரியே இருந்தது. சைடு லைட்! ஆம்பளை முகத்துக்குக் கட்டு காட்ட நாங்கள் வைக்கிற அதே விளக்கு. "எனக்கும் ஒரு தடவ அடிச்சுப் பாருங்க மேடம்" என்று கேட்டுவிட்டேன். அடித்தார். மருமகள் தன் போனில் படம் எடுத்துக் காட்டினாள். இடது கன்னம் உழுது போட்ட கரிசல் மாதிரி இருந்தது.

நம்மூர் மாநிறத் தோலில் பரு ஆறினால் கறை விழுவது சகஜம். அழற்சி வந்த இடத்தில் தோலுக்கு நிறம் தருகிற மெலனின் கூடுதலாகக் கொட்டிவிடுகிறது. அது மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் இருந்து, தானாக மங்கும். வெயில் பட்டால் மங்குவது தள்ளிப்போகும். இதற்கு க்ரீம் உதவும், எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாத சன்ஸ்க்ரீன் அதைவிட உதவும். குழிக்கு இந்தப் பேச்சே செல்லாது. குழிக்குள் தெரிகிற கறுப்பு நிழல், அதைப் பூச்சு போட்டு வெளுக்க முடியாது. ஜாதிக்காய், எலுமிச்சை, என் ட்யூப், டிவியில் ஓடுகிற "தழும்பை நீக்கும்" களிம்புகள், அத்தனையும் நிற லேயரில் தேய்க்கிற வேலை. (அடாபலீன் மாதிரி வைட்டமின் ஏ வழி வந்த சில ஜெல்கள் மாதக்கணக்கில் போட்டால் மேலோட்டமான குழிக்குக் கொஞ்சம் பலன் தரும். கொஞ்சம்தான்.)

டாக்டரம்மா என் கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். இழுத்தால் சமமாகிற குழி ஒரு ரகம், இழுத்தாலும் நிற்கிறது வேறு ரகம். 2001இல் அமெரிக்க டாக்டர்கள் மூன்று பேர் பருக்குழிகளை வடிவத்தை வைத்து மூன்றாகப் பிரித்து எழுதினார்கள், இன்றும் எல்லோரும் அந்தப் பெயர்களைத்தான் சொல்கிறார்கள். ஐஸ்பிக்: ஊசி குத்தின மாதிரி, வாய் 2 மில்லிமீட்டர்கூட இருக்காது, ஆழம் அதிகம். பாக்ஸ்கார்: விளிம்பு வெட்டினாற்போல் நிற்கும், அடி தட்டை. என் பட்டப்பெயருக்குப் பொறுப்பு இதுதான். மூன்றாவது ரோலிங். விளிம்பே கிடையாது, அலை அலையாக இறங்கியிருக்கும். இலவம்பஞ்சு மெத்தையில் நடுநடுவே நூல் போட்டு இழுத்துக் கட்டியிருப்பார்களே, அந்த இடம் குழிந்து நிற்குமே, அப்படி. உள்ளே நார்ப்பட்டைகள் தோலை அடியோடு பிடித்து இழுத்துக்கொண்டிருக்கின்றன. மெத்தைக்கு மேலே எதைத் தடவினால் என்ன, நூலை அறுத்தால்தானே எழும்பும்?

அறுக்கத்தான் செய்தார்கள். அதற்குப் பெயர் சப்சிஷன், 1995இல் எழுதப்பட்ட முறை. ஆடி மாதத்தில் தேதி வாங்கினேன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கேமராவைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டியதில்லை. குற்றாலத்துப் பக்கம் சாரல் கட்டியிருந்ததால் டவுனிலும் வானம் மூட்டமாகவே இருந்தது. மூட்ட வெளிச்சத்தில் குழி தெரியாது என்பது வேறு விஷயம், நிழல் விழாமல் வெளிச்சத்தை மென்மையாக்க நாங்கள் விளக்குக்கு மாட்டுவோமே சாஃப்ட்பாக்ஸ், கடவுள் விரித்த சாஃப்ட்பாக்ஸ் அது. டாக்டரம்மா என்னை நிமிர்ந்து உட்காரவைத்து, பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து, ஊதா ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொரு குழியையும் வட்டம் போட்டார். படுத்துவிட்டால் தோல் பின்னால் சரிந்து குழி மறைந்துவிடுமாம், அதனால் படுக்கவைக்கும் முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு மரத்துப்போக ஊசி. பிறகு இன்னொரு ஊசியைத் தோலுக்கு அடியில் படுக்கையாக விட்டு, விசிறி மாதிரி முன்னும் பின்னும் ஓட்டினார். வலி இல்லை. சத்தம்தான். கன்னத்துக்குள்ளே யாரோ பழைய கோணியைக் கிழிக்கிற மாதிரி, கறக், கறக் என்று, காதுக்கு வெகு பக்கத்தில். ஒவ்வொரு பட்டை விடும்போதும் எனக்குக் கால் கட்டைவிரல் மடங்கியது. பத்து நாள் கன்னம் நாவல்பழ நிறத்தில் கன்றிக் கிடந்தது. டீக்கடையில் "அண்ணாச்சி, வீட்ல சண்டையா" என்று கேட்டார்கள். அறுந்த இடத்தில் கட்டுகிற ரத்தமும், அதைத் தொடர்ந்து வருகிற புது நாரும்தான் குழியைக் கீழிருந்து தூக்குகின்றன. ஒரே தடவையில் முடியாது, புரட்டாசியில் இன்னொன்று.

ஊசிக்குத்து ரகத்துக்கு வேறு வைத்தியம். கொரியாவில் 2002இல் எழுதியது, கிராஸ் என்கிறார்கள். ட்ரைக்ளோரோஅசிட்டிக் அமிலத்தை 65இலிருந்து 100 சதவீத வீரியத்தில் எடுத்து, பல்குத்தும் குச்சியின் முனையில் தொட்டு, குழியின் அடியில் மட்டும் வைக்கிறார்கள். அடுத்த சில நொடியில் அந்தப் புள்ளி சுண்ணாம்பாக வெளுக்கும். சுள்ளென்று எரியும், அடங்கும். பொருக்குக் கட்டி ஒரு வாரத்தில் உதிரும். உள்சுவர் காயப்பட்டுப் புது நார் வளர்ந்து குழி மெல்ல மெல்ல மேலே வருகிறது. கைதவறி விளிம்பில் பட்டால் குழி அகலமாகும், கறையும் விழும். இந்த அமிலம் ஆன்லைனில் கிடைக்கிறது என்பதே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வீட்டில் உருட்டுகிற டெர்மா ரோலரும் அப்படித்தான். அதன் முள் கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர். குழியின் வேர்வரைக்கும் எட்டாது, ஆனால் பரு உள்ள முகத்தில் உருட்டிக் கிருமியைப் பரப்ப அது போதும். மருமகள் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் ஒரே ரோலரை மாற்றி மாற்றி உபயோகிக்கிறார்கள் என்று கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டேன்.

மார்கழியில் மைக்ரோநீட்லிங் ஆரம்பித்தோம். மரத்துப்போகும் களிம்பைப் பூசி ஒரு மணி நேரம் உட்காரவைத்து, ஒன்றரை மில்லிமீட்டர் முள் இறங்குகிற கருவியால் குத்திக்கொண்டே போவார்கள். முகம் முழுக்கப் பொட்டுப் பொட்டாக ரத்தம் துளிர்க்கும், மூன்று நாள் சிவப்பு. நான்கு தடவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி. நார் நெய்வது மாதக்கணக்கில் நடக்கிற வேலை. போன வாரம் செய்ததற்கு இந்த வாரம் கண்ணாடியில் பலன் தேடினால் ஏமாற்றம்தான்.

லேசர் கேட்டேன். கேட்காமல் இருப்பார்களா? 2004இல் வந்த ஃப்ராக்ஷனல் முறையில் முகம் முழுவதையும் சுடாமல் சல்லடைக் கண் மாதிரிப் புள்ளிகளாகச் சுட்டு, நடுவில் நல்ல தோலை விட்டுவைக்கிறார்கள். அது வந்தபிறகு லேசர் எவ்வளவோ சாதுவாகிவிட்டது. ஆனாலும் நம் நிறத்தில் சூட்டுக்குப் பதில் சொல்கிற மாதிரி மெலனின் கொட்டிக் கறை விழுகிற வாய்ப்பு அதிகம். டாக்டரம்மா சொன்னது எனக்குப் பிடித்திருந்தது: "நீங்க சித்திரை வெயில்ல கல்யாணம் எடுக்கிற ஆள். நெழல எடுக்கப் போயி நெறத்த வாங்கிட்டு வந்துருவீங்க. ஊசியோட நிப்பாட்டுவோம்." எவ்வளவு குறையும் என்றதற்கு, "பாதி கொறஞ்சா ஜெயிச்சாச்சுன்னு வச்சுக்கோங்க. பழைய கன்னம் வராது" என்றார். நூறு சதவீதம் என்று போர்டு வைத்திருக்கிற இடத்துக்குப் போயிருந்தால் இதைவிட இனிமையாகப் பேசியிருப்பார்கள். செலவு ஒவ்வொரு சிட்டிங்குக்கும் சில ஆயிரம். அழகு விஷயம் என்று இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

மருமகள் வைத்தியம் இதில் கால்வாசிச் செலவுகூட இல்லை. பரு அடங்குவதற்கு ராத்திரி அடாபலீன் ஜெல், காலையில் பென்சாயில் பெராக்சைடு, சில வாரம் மட்டும் சாப்பிட ஒரு மாத்திரை. இவற்றுக்கு ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரி தோல் பிரிவில் ஓ.பி. சீட்டு எடுத்தாலே வழி கிடைக்கும். முதல் இரண்டு வாரம் தோல் உரிந்து, பரு கூடுதலாகத் தெரிந்து, அக்கா என்னை போனில் ஏசினாள். ஆறாவது வாரம் மறுபடி ஏசல், இந்தத் தடவை புது நீலத் துண்டு வெள்ளை வெள்ளையாக வெளுத்துப்போனதற்கு. பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுக்கும், அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மூன்றாம் மாதம் ஏசல் நின்றது. மாத்திரை போதவில்லை என்றால் ஐசோட்ரெட்டினாயின் இருக்கிறது, பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அது வலுவான மருந்து, ரத்தப் பரிசோதனையோடு கொடுக்க வேண்டியது, கர்ப்பத்தில் குழந்தைக்குப் பெருங்கேடு. மருமகளுக்கு அதுவரை போகவில்லை. அதைச் சாப்பிட்டால் ஆறு மாதத்துக்குத் தழும்பு வைத்தியமே கூடாது என்று ஒரு பழைய விதி உண்டு. 2017க்குப் பிறகு, ஊசி, தோலை மேலோட்டமாக உரிக்கிற பீல் போன்ற பலவற்றுக்கு அந்த விதி தேவையில்லை என்று தோல் அறுவை மருத்துவர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். முகத் தோலை ஆழமாக உரிக்கிற பெரிய காரியங்களுக்குத்தான் இன்னும் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

அவள் கன்னத்தில் இப்போது பழுப்புப் புள்ளிகள் ஏழெட்டு. டார்ச்சைக் காதோரத்தில் பிடித்து நானே பார்த்தேன். ஒன்றுகூட இறங்கவில்லை. "மாமா, போதும், கண்ணு கூசுது" என்று பிடுங்கிக்கொண்டாள்.

என் கன்னத்தில் மாற்றம் இருக்கிறதா என்று வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. தினம் பார்க்கிற முகம். நானும் முதல்நாள் எடுத்த சைடு லைட் படத்தையும் இப்போதையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், தொழில்காரன் கண்ணாலேயே சந்தேகம் வருகிறது. போன மாதம் ரத வீதி சலூனில் சவரத்துக்கு உட்கார்ந்தேன். பதினெட்டு வருஷமாக அவர்தான் எனக்கு. இடது கன்னத்துக்கு வரும்போது எப்போதும் கத்தியைத் தூக்கி, தோலை இழுத்து, குழி விளிம்பில் வெட்டிவிடாமல் நான்கு தவணையாக இறக்குவார். படிகாரம் பக்கத்திலேயே தயாராக இருக்கும். அன்றைக்கு ஒரே இழுப்பில் காதிலிருந்து தாடைவரை வந்துவிட்டார். வந்தவர் நின்று, கத்தியைத் துண்டில் துடைத்துவிட்டு, ஈரக் கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, தட்டவே இல்ல?"

"ஆடியில அறுத்தாச்சு."

"அதான பாத்தேன்" என்றவர், கண்ணை மூடிக்கொண்டு விரலால் இன்னொரு தடவை மேலிருந்து கீழே வந்தார். "கீழ தாடைப் பக்கம் ரெண்டு கெடக்கு. ஆடாம இரிங்க."